ஒருத்தி மட்டும் போகலாம்

புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்காகக் கையேடு ஒன்று போடுகிறார்களாம். முப்பத்தோரு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் என்பதால் என்னிடமும் நான்கு பக்கம் கேட்டார்கள். "நெகிழ்ச்சியா ஏதாவது எழுதுங்க மேடம்" என்று போனில் ஒரு பெண் சொன்னாள். என்னிடம் நெகிழ்ச்சி இல்லை அம்மா. கோபம் இருக்கிறது. அதில் பெரிய பங்கு என் மேல். மீதி யார் யாருக்கு என்று படித்து முடித்ததும் நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

நான் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் குடும்பம் இங்கே வந்து மூன்று தலைமுறை ஆகிறது. வேலை பார்த்தது ஏ.எஸ்.ராவ் நகர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் 'ஓ, அந்தப் பள்ளியா' என்று நீங்கள் நிம்மதியாகிவிடுவீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மூத்த ஆசிரியை ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, "கிளாஸ முதல்ல கைக்குள்ள கொண்டு வா. மத்ததெல்லாம் தானா வரும்" என்றார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். என் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். அந்தப் பேரால்தான் எனக்கு இரண்டாவது மாடியின் பொறுப்பு வந்தது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள் என் கையில்.

அந்த மாடியில் எனக்கு எரிச்சல் தந்த விஷயம் ஒன்று இருந்தது. பாடம் நடக்கும்போது ஒரு பெண் எழுந்து பாத்ரூம் போக வேண்டும் என்பாள். உடனே இன்னொருத்தியும் எழுவாள். சில சமயம் மூன்றாவதும். அரட்டை அடிக்கப் போகிறார்கள் என்றே நான் நினைத்தேன். ஏன் என்று யாரையும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது, எனக்குத்தான் தெரியுமே!

ஆகவே ஒரு வருடம் ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு விதி போட்டேன். ஒரு நேரத்தில் ஒருத்தி மட்டும் போகலாம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மரக்கட்டை, அதில் ஒரு கயிறு. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அது திரும்பி வந்த பிறகுதான் அடுத்தவள் எழலாம். ஒரே வாரத்தில் வராந்தா காலியாகிவிட்டது. ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். மற்ற மாடிகளிலும் கட்டைகள் தொங்கின.

அந்த மாடியில் மாணவிகளின் கழிப்பறைக்குள் நான் கடைசியாகப் போய் எத்தனை வருடம் ஆகியிருந்தது என்று எனக்கே நினைவில்லை. எங்களுக்கு ஆசிரியர் அறையை ஒட்டித் தனிக் கழிப்பறை இருந்தது. மாதாமாதம் பாதுகாப்புப் படிவம் ஒன்று வரும். கேமரா, தீயணைப்புக் கருவி, படிக்கட்டுக் கைப்பிடி, கழிப்பறை என்று வரிசையாகக் கட்டங்கள். எல்லாவற்றிலும் 'சரி' போட்டுக் கையெழுத்திடுவேன். ஆசிரியர் அறையில், டீ குடித்துக்கொண்டே.

அந்த வருடம் ஆகஸ்டில், பள்ளி தொடங்கி இரண்டு மாதம் கழித்து, நான் வகுப்பாசிரியையாக இருந்த ஏழாம் வகுப்பு பி பிரிவில் ஒரு பெண் சேர்ந்தாள். தாரிணி. ஈரோட்டிலிருந்து வந்தவள். அப்பாவும் அம்மாவும் ஐ.டி. கம்பெனிகளில். அவளுக்குத் தெலுங்கு வராது, இந்தி புத்தகத்தில் படித்த அளவுதான். ஆங்கிலத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் பேசுவாள். எல்லோரும் என்னை மேடம் என்பார்கள், அவள் மட்டும் 'மிஸ்' என்பாள். வகுப்பு சிரிக்கும். தமிழர்களைத் தெலுங்கில் 'அரவம்' என்பார்கள். அவளை 'அரவ மிஸ்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்குத் தெரியும். சிறுபிள்ளைகள், நாலு நாளில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். தமிழ்க் குழந்தை என்று தனிச் சலுகை காட்டுகிறேன் என யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அவளிடம் ஒரு வார்த்தை தமிழில் பேசாமலும் இருந்தேன். அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் ஒரு நாள், கடைசிக்கு முந்தைய பீரியட். கரும்பலகையில் பாதிக் கணக்கு. தாரிணி எழுந்து என் மேஜைக்கு வந்தாள். வகுப்பில் எப்போதும் ஆங்கிலத்தில் பேசுபவள், அன்றைக்குத் தமிழில் பேசினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மிஸ், பாத்ரூம் போகோணும். கூட ஒருத்திய கூட்டிட்டுப் போகலாங்களா?" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு கைகளாலும் பாவாடையின் ஓரத்தைப் பிடித்திருந்தாள். முப்பத்தெட்டுப் பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விதி என்னுடையது. நான் உரக்க, எல்லோருக்கும் புரியும்படி ஆங்கிலத்தில், "ஏன், நீ என்ன எல்.கே.ஜி. குழந்தையா? கை பிடித்துக் கூட்டிக்கொண்டு போக ஆயா வேண்டுமா?" என்று கேட்டேன்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். தாரிணி கட்டையை எடுக்காமல் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அதன் பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

சில நாட்களில் அவள் டைரியில் அம்மா எழுதியிருந்தார்: காலையில் கொடுத்தனுப்பும் தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வருகிறது, கொஞ்சம் குடிக்கச் சொல்லுங்கள். 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் அதே வரி. அதே கையெழுத்து. பிறகு காய்ச்சல் என்று ஆறு நாள் வரவில்லை. திரும்பி வந்தபோது டாக்டர் சீட்டு இருந்தது. யூரினரி இன்ஃபெக்ஷன், அடிக்கடி கழிப்பறை போக அனுமதிக்கவும் என்று. நான் பெருந்தன்மையாக, "எப்போது வேண்டுமானாலும் கட்டையை எடுத்துக்கொண்டு போகலாம்" என்று ஆங்கிலத்தில் அனுமதி கொடுத்தேன். அவள் தலையாட்டினாள். போகவில்லை.

அவள் அம்மா கவிதா நேரில் வந்தார். முதல்வர் அறையில் நான், முதல்வர், அவர். முதல்வர் பொறுமையாகப் பேசினார். புது ஊர், புது மொழி, ஒரே குழந்தை, இது வெறும் அட்ஜஸ்ட்மென்ட் பிரச்சினை, கவுன்சிலரிடம் அனுப்பலாம் என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். "கொஞ்சம் சென்சிட்டிவ் டைப்" என்று என் பங்குக்கு ஒன்றும் சேர்த்தேன்.

கவிதா என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார். "இல்லைங்க மேடம், வீட்ல நல்லாத்தான் இருக்கா. ஸ்கூல் விட்டு வந்ததும் ஷூவக்கூடக் கழட்டாம பாத்ரூமுக்கு ஓடறா. அந்தப் பாத்ரூம நானொருக்கா பாக்கோணும்ங்க."

நான் மொழிபெயர்த்தேன். முதல்வர் புன்னகைத்தார். பிள்ளைகளின் பாதுகாப்புக் கருதிப் பெற்றோரை வரவேற்பறைக்கு மேலே அனுமதிப்பதில்லை என்றார்.

பாதுகாப்புக் கருதி! அந்த வார்த்தையை இப்போது எழுதும்போதும் கோபம் வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அந்த அம்மாவுக்கு விதியைத் தமிழில் விளக்கிச் சொல்லி வாசல்வரை கொண்டுபோய் விட்டுவந்தேன்.

அதற்கடுத்த வாரம்தான் அது நடந்தது. மதிய உணவுக்குப் பின் முதல் பீரியட். தாரிணி எழுந்து கட்டையை மாட்டிக்கொண்டு போனாள். பரவாயில்லை, பழகிவிட்டாள் என்று நினைத்தேன். பதினைந்து நிமிடம் ஆயிற்று. சமூக அறிவியல் ஆசிரியை என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "யாரோ நம்ம டாய்லெட்ல போய் உள்ள பூட்டிக்கிட்டாங்க. தட்டினா பதில் இல்ல. கதவுக்குக் கீழ பார்த்தேன், ஸ்கூல் ஷூ!"

ஓடினேன். அதற்குள் நாலு ஆசிரியர்கள் அங்கே கூடியிருந்தார்கள். ஒருவர் கதவை உள்ளங்கையால் அறைந்துகொண்டிருந்தார். "இது ஸ்டாஃப் டாய்லெட்! வெளிய வா!" வகுப்பு வாசல்களில் பிள்ளைகள் தலையை நீட்டினார்கள். முதல்வர் மேலே வந்தார். பின்னாலேயே வாட்ச்மேனும், கையில் கருவிப் பெட்டியோடு எலக்ட்ரீஷியனும். கீலைக் கழற்றிக் கதவை எடுத்துவிடலாம் என்றார்கள். முதல்வர் என்னிடம் தணிந்த குரலில், "உள்ளே ஏதாவது செய்துகொண்டால் யார் பதில் சொல்வது?" என்றார். அவர் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

அந்த மாடியைச் சுத்தம் செய்யும் யாதம்மா பக்கெட்டோடு ஓரமாக நின்றிருந்தார். அவர் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்: "ஈ தலுபுகே கொள்ளெம் உந்தி, மேடம்." இந்தக் கதவுக்குத்தான் தாழ்ப்பாள் இருக்கிறது.

எனக்கு உடனே விளங்கவில்லை. "மத்த கதவுக்கு?" என்று கேட்டேன். இல்லை என்றார். எத்தனை நாளாக என்றேன். போன கோடை விடுமுறைக்கு முன்பிருந்து என்றார். ஆபீஸில் மூன்று முறை சொன்னாராம்.

எலக்ட்ரீஷியன் குனிந்து முதல் திருகாணியில் கை வைத்தார். ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் இந்த மாடியிலேயே சாத்திக்கொள்ள முடிந்த ஒரே கதவைக் கண்டுபிடித்து உள்ளே போயிருக்கிறாள். அதை இரண்டு ஆண்களை வைத்து, இத்தனை பேர் பார்க்கப் பெயர்த்தெடுக்கப் போகிறோம். நான் கதவுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"நக்கோ பாய், தொடாதீங்க. சார், பத்து நிமிஷம் குடுங்க. எல்லாரையும் கிளாஸுக்கு அனுப்புங்க."

முதல்வர் தயங்கினார். நான் கதவருகே வாயை வைத்து, அவளிடம் முதல்முறையாகத் தமிழில், "தாரிணி, உடம்புக்கு ஏதாவது பண்ணுதாம்மா? அது மட்டும் சொல்லு" என்றேன்.

உள்ளேயிருந்து, "இல்லைங் மிஸ்" என்று குரல் வந்தது.

யாதம்மாவைக் கதவோரம் நிற்க வைத்துவிட்டு மாணவிகளின் கழிப்பறைக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், அவளிடம் அடுத்து என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று அறைகள். ஒன்றில் துடைப்பமும் உடைந்த நாற்காலியும் அடைத்து வைத்திருந்தார்கள். மற்ற இரண்டிலும் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு திருகாணி ஓட்டைகள். உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்தினேன். கையை எடுத்தேன். கதவு மெல்லத் தானாகவே வெளிப்பக்கம் திறந்தது. மறுபடி சாத்தினேன், மறுபடி திறந்தது. வெளிக்கதவும் பாதி திறந்தே கிடந்ததால் நேர் எதிரே வராந்தாவின் தண்ணீர்க் குழாய் தெரிந்தது. எட்டாம் வகுப்புப் பையன்கள் இருவர் பாட்டில் நிரப்பிக்கொண்டு எதற்கோ சிரித்தார்கள். எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர, அங்கே உட்கார என்னால் முடியவில்லை.

கதவின் உள்பக்கம் பென்சிலால் ஒரு பட்டியல் எழுதியிருந்தது. இரண்டு பேர், மூன்று பேராகப் பெயர்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வரிசை. மதிய இடைவேளையில் யார் உள்ளே, யார் வெளியே நின்று கதவைப் பிடிப்பது, யார் முதலில், யார் அடுத்தது. பெண்கள் சேர்ந்து சேர்ந்து எழுந்து போனது எதற்கென்று அங்கே நின்றபோதுதான் புரிந்தது. என் விதிக்குப் பிறகு வகுப்பு நேரத்தில் போக முடியாததால் அவர்களே இடைவேளைக்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். ஏழு பி வரிசையை விரல் வைத்து எண்ணினேன். அந்த வகுப்பில் பதினெட்டுப் பெண்கள். பட்டியலில் பதினேழு பெயர்.

திரும்பி வந்து, ஆசிரியர் கழிப்பறை வாசலில் தரையில் உட்கார்ந்தேன். முதல்வர் தள்ளி நின்றிருந்தார்.

"தாரிணி, நான் அங்க போய்ப் பார்த்துட்டேன். கதவு சாத்தவே மாட்டேங்குது."

கதவை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தேன்.

"உள்ள போய் நின்னு பார்த்தேன். என்னால முடியல."

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "கதவ யாரு புடிச்சாங்க மிஸ்?" என்றாள்.

"யாரும் இல்ல. நான் தனியாத்தான் போனேன்."

சுவரில் சாய்ந்து காத்திருந்தேன். பிறகு தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வெளியே வந்தாள். அழுது முடித்த முகம். கழுத்தில் என் கட்டை. நான் அதைக் கழற்றக் கையை நீட்டியபோது, அடிக்கப் போகிறேன் என்று நினைத்துத் தலையை விலக்கிக்கொண்டாள். முப்பத்தோரு வருடத்தில் நான் எந்தக் குழந்தையையும் அடித்ததில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு இருந்தது.

அன்று மாலையே ஏழு பி பெண்களை உட்கார வைத்துக் கேட்டேன். அவள் பெயரை ஏன் சேர்க்கவில்லை? ஒருத்தி, "உஸ்னே பூச்சிச் நை மேடம்" என்றாள். அவள் கேட்கவே இல்லையாம். இன்னொருத்தி தோளைக் குலுக்கி, "ஹம் கைக்கு பூச்னா?" என்றாள். நாங்கள் எதற்குக் கேட்க வேண்டும்? எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாயைத் திறந்தேன். அன்றைக்கு அவளைப் பார்த்து இவர்களைச் சிரிக்க வைத்தவள் நான்தான் என்பது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் பெரியவர்களிடம் வாயை மூடவில்லை. மறுநாள் காலை எல்லா வகுப்பிலிருந்தும் கட்டைகளை வாங்கிக் குப்பையில் போட்டேன். தாழ்ப்பாள் எப்போது வரும் என்று கேட்டேன். கோடை விடுமுறையில் மொத்தமாகப் புதுப்பிக்கும்போது என்றார்கள். அப்போது அக்டோபர் மாதம். சரி, அதுவரை ஆசிரியர் கழிப்பறை மாணவிகளுக்கு என்று மாடி முழுக்க அறிவித்துவிட்டேன். ஆசிரியர் அறை கொதித்தது.

"அப்ப நாங்க எங்க போறது?" என்று சமூக அறிவியல் ஆசிரியை கத்தினார்.

"அவங்க இத்தன நாளா போன இடத்துக்கு," என்றேன்.

அவர் ஒரே ஒரு முறை அங்கே போனார். திரும்பி வந்து நேரே முதல்வர் அறைக்குப் போய், வெளியே கேட்கும்படி சத்தம் போட்டார். இரண்டாம் நாள் மதியத்துக்குள் ஆள் வந்து புதுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனான். யாதம்மா மூன்று முறை சொல்லி நடக்கவில்லை. ஒரு குழந்தை காய்ச்சலில் கிடந்தது, நடக்கவில்லை. ஆசிரியை ஒருத்தி ஒருமுறை கதவைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டிவந்தது, இரண்டே நாள். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

நடந்ததற்கு அறிக்கை கேட்டார்கள். 'மாணவி ஆசிரியர் கழிப்பறையைத் தவறாகப் பயன்படுத்தினாள், அறிவுரை வழங்கப்பட்டது' என்று ஒரு வரியை முதல்வரே தட்டச்சு செய்து வைத்திருந்தார். கையெழுத்து மட்டும் என்னுடையது வேண்டும். நான் போடவில்லை. தாழ்ப்பாள், படிவத்தில் நான் போட்ட 'சரி'கள், என் விதி, எல்.கே.ஜி. என்று நான் சொன்னது, அம்மாவைத் திருப்பி அனுப்பியது எல்லாவற்றையும் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த பருவத்தில் மாடிப் பொறுப்பு வேறொருவருக்குப் போயிற்று. அந்த இரண்டு பக்கங்களை யார் படித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

தாரிணி அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. போவன்பள்ளிப் பக்கம் வேறு பள்ளியில் சேர்க்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். நான்காவது மாடி. கவிதாதான் கதவைத் திறந்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. மரியாதைக் குறைவாகவும் எதுவும் சொல்லவில்லை. ஆட்டோவில் வரும்போது யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். தப்பு என் மேல்தான், குழந்தையிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன்.

"அவ வெளிய வரமாட்டாங்க மேடம். நானும் கூப்பிட மாட்டேன்."

"சரிங்க."

"ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். கூட ஒருத்திய கூட்டிட்டுப் போகட்டான்னு உங்ககிட்ட கேட்டாளாமா. இங்கிலீஷ்ல கேட்டா எல்லாத்துக்கும் புரிஞ்சிரும்னு தமிழ்லதான் கேட்டாளாமா. நீங்க நம்மூரு பாஷ பேசறவங்கன்னு நம்பித்தான் கேட்டிருக்கறா." அவர் குரல் உயரவே இல்லை. "உங்களுக்குப் புரியலைங்களா?"

அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வழியில்லை. அன்று அந்தக் குழந்தையின் கைகள் பாவாடையைப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். ஏதோ சரியில்லை என்று ஒரு கணம் மனதில் பட்டது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்டால் என் விதி தளரும், வகுப்பு கையை விட்டுப் போகும் என்று அந்த ஒரு கணத்தை நான் தள்ளிவிட்டேன்.

"புரிஞ்சுதுங்க" என்றேன்.

அவர் தலையை அசைத்தார். நான் படியிறங்கி வந்தேன்.

உங்கள் பயிற்சி வகுப்பின் அட்டவணையை எனக்கும் அனுப்பியிருந்தார்கள். மூன்று நாள், குழந்தைகளைப் புரிந்துகொள்வது எப்படி என்று. தாராளமாகப் போய் உட்காருங்கள். குறிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் புரியாததால்தான் இதெல்லாம் நடக்கிறது என்று யாராவது மேடையில் நின்று சொன்னால், நம்பாதீர்கள். எனக்குப் புரிந்திருந்தது.